வெட்டிய வன்னிக்குக் கன்று ஈடாகுமா?

விஜயதசமியன்று கர்நாடகத்தில் பூஜை பெறும் 'பன்னி' மரமும், விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கும் வன்னியும் ஒன்றே. (வன்னியின் 'வ' கன்னடத்தில் 'ப' ஆகியிருக்கிறது, பெங்களூர்த் தமிழருக்கு இது புதிதல்ல.) அதே மரம்தான் ராஜஸ்தானத்தில் 'கேஜ்ரி'. 1730-ல் ஜோத்பூரை அடுத்த கேஜர்லி கிராமத்தில் இம்மரத்தைக் காக்க 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். 1983-ல் அது மாநில மரமாயிற்று. அத்தகைய மரம் பிக்கானீர் பக்கம் சூரிய மின் நிலையங்களுக்காக வெட்டுப்பட, 2024-லும் 2025-லும் மக்கள் கிளர்ச்சி செய்தனர்.

சூரிய மின்சாரம் தேவைதான். ஆனால், வெட்டிய மரத்துக்குப் பதில் கன்று நட்டால் கணக்குத் தீர்ந்தது என்ற வாதம் சரியல்ல. மரத்தோடு போவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு குடியிருப்பு.

மற்ற மரங்கள் மொட்டையாக நிற்கும் கடுங்கோடையில் வன்னி துளிர்க்கிறது. அதன் ஆணிவேர் வெகு ஆழத்தில் நீர் தேடுகிறது. ஆனால் மேல் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அந்த வசதி ஏது? சில விதை போன்ற உறைக்குள் சுருண்டு உறங்குகின்றன. சில, சர்க்கரைப் பசை போன்ற ஒன்றைச் சுரந்து, வேரைச் சுற்றி மண்ணை ஒட்டவைத்து, இருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கோடையில் தோண்டிப் பார்ப்பவர், இங்கே உயிரே இல்லை என்று குறிப்பு எழுதிவிட்டுப் போகக்கூடும்!

முதல் மழை விழட்டும். சில மணி நேரத்தில் மண் மூச்சுவிட ஆரம்பிக்கிறது. கரியமில வாயு குபீரென்று வெளிப்படுகிறது. அப்போது எழும் மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலிய நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. (அந்த வாசனையைக் கன்னோஜ் நகரத்தார் அத்தராகவே இறக்கி விற்கிறார்கள்.) மழை தொடர்ந்தால் வேர்களில் முடிச்சுகள் தோன்றுகின்றன. அவற்றில் குடியேறும் என்சிஃபர் இனப் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்குகின்றன. வேர்ப் பூசணத்தின் இழைகளோ வேரே நுழைய முடியாத மண் இடுக்குகளில் புகுந்து பாஸ்பரஸைக் கொண்டுவருகின்றன. ஈரம் வற்றியதும் முடிச்சுகள் அழிகின்றன. சத்து மண்ணில் தங்குகிறது. உதிரும் இலையும் அதோடு சேர்கிறது. கேஜ்ரி அடியில் கம்பு செழிப்பதன் ரகசியம் இதுவே. 1959-ல் ஜோத்பூரில் வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு வெகு காலம் முன்பே, மார்வார் விவசாயி வயல் நடுவே இம்மரத்தை விட்டுவைத்துத்தான் உழுதான்.

இதையெல்லாம் பிளாஸ்டிக் பையில் வளர்ந்த கன்று எங்கிருந்து கொண்டுவரும்? நுண்ணுயிர் உரப் பாக்கெட் இருக்கிறதே என்பார்கள். பாக்கெட்டில் இருப்பது உயிர். தகரக் கொட்டகையில் கோடை முழுவதும் கிடந்தால் மிஞ்சுவது வெறும் பொடிதான். அதைவிட, மழைக்காலத்தில் தாய் மரத்தடியில் எடுத்த ஒரு பிடி மண்ணைப் பையில் சேர்ப்பது மேல், செலவும் இல்லை.

முதலில், மரங்களை விட்டுப் பலகைகளை அமைக்க இடமுண்டா என்று பார்க்க வேண்டும். வெட்டியே தீர வேண்டுமென்றால், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை அறிவிக்கும் கம்பெனிகள், மூன்று மழைக்காலம் கழிந்தபின் எத்தனை உயிரோடு நிற்கின்றன, அவற்றின் வேரில் முடிச்சு விட்டிருக்கிறதா என்பதையும் அறிவிக்கட்டும். மழைக்காலத்தில் தோண்டிப் பார்த்தே சொல்ல வேண்டும் என்று ராஜஸ்தான் சர்க்கார் நிபந்தனை விதிக்கலாம்.