கிணற்றடிக்குப் பாதித் தாள்

வீட்டை இழந்தவர்களிடம் தாளைக் கொடுத்து, "உங்கள் வீட்டை வரைந்து காட்டுங்கள்" என்று கேட்டார் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன். போரில் இடம்பெயர்ந்த வடபகுதித் தமிழர்களும் முஸ்லிம்களும் நினைவிலிருந்து வரைந்தார்கள். அப்படிச் சேர்ந்த 80 வீடுகள் 2011-இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலாயின. தோம்பு என்பது போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. நூலையும் அலுவலகக் கோப்பைப் போலவே கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் போட்ட படம், அதை அளவெடுத்ததுபோல் திருத்திய கட்டடக்கலை வரைபடம், சனாதனன் தீட்டிய ஓவியம் என்று ஒரே வீடு மூன்று முறை வருகிறது.

மூன்றில் எனக்குப் பெரிதாகப் படுவது முதல் படம்தான். அதில் அளவுகள் தவறலாம். ஆனால் ஒருவர் எந்த இடத்தில் வாழ்ந்தார் என்பதை அந்தத் தவறுதான் சொல்கிறது.

எங்கள் பூர்வீக வீடு இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. அத்தையை வரையச் சொன்னேன். கூடத்தைச் சின்னக் கட்டமாகப் போட்டுவிட்டு, கிணற்றடிக்குப் பாதித் தாளை எடுத்துக்கொண்டார். துவைக்கிற கல், துணிக்கொடி, பல் தேய்க்கச் சாம்பல் வைக்கும் மாடம் எல்லாம் வந்தன. அப்பா வரைந்ததில் திண்ணை தெருவின் நீளத்துக்குக் கிடந்தது. அடுக்களையே இல்லை. ஒரே கூரையின்கீழ் வளர்ந்த அண்ணனும் தங்கையும்தான்! யார் எங்கே உட்காரலாம், யார் எங்கே குனிந்து நிற்க வேண்டும் என்பதை எந்தப் புகைப்படமும் எனக்கு இவ்வளவு துலக்கமாகக் காட்டியதில்லை.

லண்டனில் சிற்பி ரேச்சல் வைட்ரீட் 1993-இல் ஒரு பழைய வீட்டுக்குள் கான்கிரீட்டைப் பாய்ச்சி, இறுகியதும் சுவர்களை உரித்தெடுத்தார். அறைகளின் வெற்றிடம் கல்லாக நின்றது. அந்த ஆண்டே டர்னர் பரிசு பெற்றார். 1994 ஜனவரியில் அந்தச் சிற்பத்தையும் இடித்துவிட்டார்கள். மகத்தான படைப்பு அது. ஆனாலும் அந்த வீட்டில் யார் எந்த ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள் என்பதைக் கான்கிரீட் சொல்லாது.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து 1990-இல் போரால் வெளியேறியவர்கள் பல்லாண்டு கழித்துத் திரும்பியபோது, பல வளவுகளில் வீடு இருந்த தடமே இல்லை. அங்கே இப்படி ஒரு படம் ஏக்கத்தோடு நிற்பதில்லை. இங்கே விறாந்தை, அங்கே குசினி, படலையடியில் வேம்பு என்று உரிமையும் கோருகிறது. அதைக் கோப்பாகக் கட்டியதில்தான் சனாதனனின் கூர்மை இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். அளவுகோல் கொடுக்காதீர்கள். பழைய புகைப்படத்தைக் காட்டித் திருத்தாதீர்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கைகளைத் தனித்தனியே வரையச் சொல்லுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் குரல் ஓங்கியவரின் வீடுதான் தாளில் வரும். வரைந்தவர் பெயரையும் ஆண்டையும் தாளின் பின்னால் எழுதிவையுங்கள்.