பேயுமல்ல, மனக்கவலையுமல்ல



கொஸ்லந்தயில் தோட்ட லயமொன்றில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். பழுதடைந்த இருதய வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு பொருத்திக்கொண்டவர். ஒருநாள் காலை அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது, பேச்சுக் குழறியது. காத்துக் கருப்பு என்று பூசாரியை அழைத்தார்கள். பொன்னான நேரம் போயிற்று. இன்றும் அவருடைய வலது கையால் கொழுந்து பறிக்க முடியவில்லை.

உலோக வால்வில் இரத்தம் உறையக்கூடும். அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம். அதைத் தடுக்கவே வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும். கிளினிக் போனால் நாட்சம்பளம் போய்விடுமென்று அக்கா மாத்திரையை நிறுத்தியிருந்தார்.

இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் சில நாட்கள் தடுமாறிப் பேசுவது பலருக்கு வரும், பெரும்பாலும் மாறிவிடும். அரிதாக வலிப்பு, பார்வையிழப்பு, சிறுவரில் கைகால் தானாக ஆடுவதும் உண்டு. எதுவானாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

போரில் உறவுகளை இழந்த நம்மவரிடம் இவற்றைக் கண்டால், 'பழைய துயரம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். தொடங்கிய நேரத்தைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டுசெல்லுங்கள்.

இப்போது அக்காவின் மகள் கிளினிக் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வைக்கிறாள்.