ஒரே சாய்வு, வெவ்வேறு தொலைவு: தொடர்புப் போக்குக் கோடும் சமூக ஏற்றத்தாழ்வும்

முன்னுரை

தமிழ்ச் சமூகத்தைக் களமாகக் கொண்ட ஆய்வேடுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் இடம்பெறுவது வழக்கம். நாட்டார் வழக்காறு, பழங்குடி வாழ்வியல், தலித் இலக்கியம், பெண்ணெழுத்து ஆகிய துறைகளின் ஆய்வேடுகளில் முதல் இயலிலேயே ஆய்வுக்களத்தின் மக்கள்தொகையும் எழுத்தறிவு விழுக்காடும் அட்டவணையாக அமைகின்றன. அடுத்த இயலுக்குச் சென்றதும் அவ்வெண்கள் பெரும்பாலும் மீண்டும் தலைகாட்டுவதில்லை. பாடவேறுபாட்டைச் சொல் சொல்லாக நுணுகி நோக்கும் தமிழாய்வு, எண்ணை மட்டும் உரையின்றி விட்டுவிடுகிறது. எண்களும் உரை வேண்டி நிற்கும் மூலங்களே என்பதும், அவற்றின் போக்கினைக் காட்டும் கோட்டை வரையவும் ஐயுறவும் தமிழாய்வாளர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொல்லும் வரலாறும்

இரு மாறிகளுக்கிடையிலான உறவினை ஒரு நேர்கோட்டால் சுட்டும் முறை தமிழில் ‘தொடர்புப் போக்கு’ என்றும் ‘பின்னடைவு’ என்றும் இருவகையாக வழங்குகிறது. பின்னது பிரான்சிஸ் கால்டன் ஆண்ட சொல்லின் நேர்பெயர்ப்பு. மிக உயரமான பெற்றோரின் மக்கள் சராசரி உயரத்தை நோக்கித் திரும்புவதைக் கண்டு 1886ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் அச்சொல்லைக் கையாண்டார். மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தலாம் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் அவரே. எனவே, ஏற்றத்தாழ்வினைப் பிறப்பின் வழிப்பட்டதாகக் கண்ட ஒரு நோக்கு இக்கோட்டின் தொடக்கத்திலேயே இருந்தது. தமிழில் ‘பின்னடைவு’ என்பது தோல்வியையும் பின்தங்கலையும் உணர்த்துவதால், சமூக ஆய்வில் ‘தொடர்புப் போக்கு’ என்பதே பொருத்தமுடையது.

கோட்டினைச் சமூகச் சிக்கலுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் உட்னி யூல் குறிப்பிடத்தக்கவர். இங்கிலாந்தின் வறியோர் நிவாரணம் பற்றிய அவரது ஆய்வு 1899இல் வெளிவந்தது. நிவாரணம் பெறுவோர் எண்ணிக்கையின் மாற்றத்தை நிவாரண முறை, முதியோர் விகிதம், மக்கள்தொகை ஆகியவற்றோடு அவர் இணைத்துப் பார்த்தார். ‘இதனால் விளைந்தது’ என்று தாம் எழுதியதை ‘இதனோடு தொடர்புடையது’ என்றே கொள்ளவேண்டும் என்னும் எச்சரிக்கையை அவர் அடிக்குறிப்பில் வைத்தார். அவ்வடிக்குறிப்பை மறந்து கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்றளவும் தொடர்கிறது.

மக்கள்தொகைக் கோடு

தமிழ்நாட்டின் மக்கள்தொகை 1951இல் 3.01 கோடி, 1961இல் 3.37 கோடி, 1971இல் 4.12 கோடி, 1981இல் 4.84 கோடி, 1991இல் 5.59 கோடி. இவ்வைந்து புள்ளிகளுக்கு மீச்சிறு வர்க்க முறையில் கோடு வரைந்தால் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 66 லட்சம் என்னும் சாய்வு கிடைக்கிறது. புள்ளிகள் கோட்டை ஒட்டியே நிற்கின்றன. அக்கோட்டை நீட்டினால் 2001இல் 6.17 கோடியும் 2011இல் 6.83 கோடியும் வரவேண்டும். கணக்கெடுப்பில் வந்தவை முறையே 6.24 கோடியும் 7.21 கோடியும் ஆகும். முதற் பத்தாண்டில் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த பிழை, அடுத்த பத்தாண்டில் 38 லட்சமாகப் பெருகியது.

வளர்ச்சி வீதத்தைக் கொண்டு நோக்கினாலும் இதுவே நிலை. 1961–71இல் 22.30, அடுத்து 17.50, 15.39, 11.72 எனத் தொடர்ந்து இறங்கிய வீதம், 2001–11இல் 15.61 விழுக்காடாக ஏறியது. பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையைத் தீர்மானிக்கின்றன. கோட்டின் கிடையச்சில் இருப்பதோ ஆண்டு மட்டுமே. ஆண்டு எதற்கும் காரணம் ஆகாது. காரணங்கள் நிகழும் களம் மட்டுமே அது. புள்ளிகளுக்கு உள்ளே நம்பத்தக்க கோடு, அவற்றுக்கு அப்பால் புறச்செருகலாக நீளும்போது வெறும் ஊகமாகிவிடுகிறது.

எழுத்தறிவு இடைவெளி: மூன்று கோடுகள்

ஏற்றத்தாழ்வினை அளக்கும்போது இச்சிக்கல் மேலும் கூர்மை பெறுகிறது. 1991 முதல் எழுத்தறிவு விழுக்காடு ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோரைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. முந்தைய கணக்கெடுப்புகளின் வயது வரம்பு வேறாதலின், ஒப்பிடத்தக்க புள்ளிகள் மூன்றே.

தமிழ்நாட்டின் மொத்த எழுத்தறிவு 1991இல் 62.66, 2001இல் 73.45, 2011இல் 80.09 விழுக்காடு. ஆண்களின் எழுத்தறிவு முறையே 73.75, 82.42, 86.77, பெண்களின் எழுத்தறிவு 51.33, 64.43, 73.44. பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 46.74, 63.19, 73.26; பட்டியல் பழங்குடியினரின் எழுத்தறிவு 27.89, 41.53, 54.34.

இவற்றிலிருந்து மூன்று இடைவெளிகளைப் பெறலாம். ஆண் பெண் இடைவெளி 22.42, 17.99, 13.33 எனக் குறைகிறது. மாநில மொத்தத்திற்கும் பட்டியல் சாதியினருக்கும் உள்ள இடைவெளி 15.92, 10.26, 6.83 எனக் குறைகிறது. மொத்தத்திற்கும் பழங்குடியினருக்கும் உள்ள இடைவெளி 34.77, 31.92, 25.75 எனக் குறைகிறது.

மூன்றுக்கும் தனித்தனியே கோடு வரைந்தால் மூன்றின் சாய்வும் ஏறத்தாழ ஒன்றே. பத்தாண்டுக்கு 4.5 விழுக்காட்டுப் புள்ளி என்னும் அளவில் மூன்று இடைவெளிகளும் சுருங்குகின்றன. சாய்வை மட்டும் நோக்குவோர் அனைவரும் ஒரே வேகத்தில் முன்னேறுகின்றனர் என்று முடிவு செய்வர். ஆனால், அக்கோடுகள் சுழியத்தைத் தொடும் ஆண்டுகள் வேறுவேறு. பட்டியல் சாதியினரின் கோடு 2025ஐ ஒட்டியும், பெண்களின் கோடு 2040ஐ ஒட்டியும், பழங்குடியினரின் கோடு 2069ஐ ஒட்டியும் சுழியத்தை அடைகின்றன. வேகம் ஒன்றாயினும் தொடங்கிய இடம் வேறு. 1991இல் பிறந்த ஒரு பழங்குடிக் குழந்தை, இக்கோட்டின்படி தன் எழுபத்தெட்டாம் வயதில்தான் தன் சமூகம் மாநிலச் சராசரியை எட்டுவதைக் காணும். சமமான வேகம் சமநீதி ஆகாது என்பதைக் கோட்டின் வெட்டுத்துண்டே உரைக்கிறது.

எச்சங்கள் கூறுவன

சாய்வின் ஒற்றுமை மற்றொன்றையும் மறைக்கிறது. ஆண் பெண் இடைவெளி முதற் பத்தாண்டில் 4.43 புள்ளியும் அடுத்ததில் 4.66 புள்ளியும் குறைந்தது. இது சீரான நடை. பட்டியல் சாதியினரின் இடைவெளி முதலில் 5.66 புள்ளி குறைந்து, பின்னர் 3.43 புள்ளியே குறைந்தது. இது தளரும் நடை. பழங்குடியினரின் இடைவெளி முதலில் 2.85 புள்ளியும் பின்னர் 6.17 புள்ளியும் குறைந்தது. இது விரையும் நடை. கோட்டிலிருந்து புள்ளி விலகும் அளவாகிய எச்சத்தைப் பிழையெனத் தள்ளிவிட்டால் இம்மூன்று வரலாறுகளும் ஒன்றாகிவிடும். 2025 என்னும் கணிப்பு ஐயத்திற்குரியது என்பதற்குத் தளர்ந்த அந்நடையே சான்று.

அளவுகோலிலும் கவனம் தேவை. மாநில மொத்தத்திற்குள் பட்டியல் சாதியினரும் அடங்குவர்; 2011இல் அவர்கள் மக்கள்தொகையில் 20 விழுக்காட்டினர். ஆதலின், மொத்தத்தோடு ஒப்பிடும்போது இடைவெளி குறைத்தே காட்டப்படுகிறது. இரு பட்டியல்களிலும் இடம்பெறாதோருடன் ஒப்பிட்டால் 2011இன் இடைவெளி 6.83 புள்ளியிலிருந்து ஏறத்தாழ 9 புள்ளியாக விரிகிறது. மேலும், எழுத்தறிவு நூறு விழுக்காட்டைத் தாண்ட இயலாது. முன்னிற்போர் வரம்பை நெருங்க நெருங்க இடைவெளியின் ஒரு பகுதி கணக்கியல்பாலேயே சுருங்கும். எழுத்தறியா முதியோர் மறைவதாலும் விழுக்காடு உயரும். இவற்றையெல்லாம் திட்டங்களின் வெற்றியாக எழுதிவிடலாகாது.

சராசரிக்குள் சராசரி மறைவதும் உண்டு. 2011இல் பழங்குடி ஆண்களின் எழுத்தறிவு 61.81, பெண்களின் எழுத்தறிவு 46.80. பழங்குடிப் பெண்ணின் நிலையைப் பெண்களின் கோடும் காட்டாது. பழங்குடியினரின் கோடும் காட்டாது. தொகுதிக்குரிய உறவினைத் தனிமனிதர்க்கு ஏற்றுவதன் பிழையை, அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட பொருளும் எழுத்தறிவே. வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவாகத் தோன்றியது. தனிமனிதர் அளவில் நோக்கியபோது உறவு நேர்மாறாக இருந்தது.

தமிழாய்வின் பங்கு

மூன்று புள்ளிகளைக் கொண்டு வரைந்த கோடு புள்ளியியலின்படி வலுவற்றது எனக் கூறலாம். அது உண்மையே. இங்குக் காட்டிய ஆண்டுகள் முன்னறிவிப்பாகா. சாய்வை மட்டும் நம்பினால் எவ்வாறு ஏமாற நேரும் என்பதற்கான விளக்கங்களே அவை. நான்காம் புள்ளி 2021இல் கிடைத்திருக்க வேண்டும். அக்கணக்கெடுப்பு நடைபெறவில்லை, 2027க்குத் தள்ளப்பட்டு, சாதிவாரிக் கணக்கெடுப்பும் அதனுடன் அறிவிக்கப்பட்டுள்ளது. புதிய எண்கள் வரும்போது அவற்றைக் கோடாக்குவோர் பலர் இருப்பர். எச்சத்தைப் படிப்போர் யார் என்பதே வினா.

இலக்கிய ஆய்வுக்கு எண் அயலானது என்னும் மறுப்பும் எழலாம். எண்ணையும் எழுத்தையும் கண்ணெனப் போற்றிய மரபில் அம்மறுப்பு நிற்காது. மேலும், எச்சத்தின் காரணத்தைச் சூத்திரம் கூறாது. பழங்குடியினரின் வேகம் ஏன் பிந்திக் கூடியது, பட்டியல் சாதியினரின் வேகம் ஏன் தளர்ந்தது என்பவற்றுக்கான விடைகள் வாய்மொழி வழக்காறுகளிலும் தன்வரலாறுகளிலும் களஆய்வுக் குறிப்புகளிலும் தேடப்பட வேண்டியவை. பள்ளியின் தொலைவு, பயிற்றுமொழிக்கும் வீட்டுமொழிக்கும் உள்ள வேறுபாடு, வகுப்பறையில் நேர்ந்த இழிவு ஆகியவற்றைப் பதிவு செய்யும் பயிற்சி தமிழாய்வாளர்க்கே உண்டு.

முடிவுரை

கோடு பொய் சொல்வதில்லை. கேட்ட வினாவுக்கு மட்டும் விடை தருகிறது. எவ்வளவு வேகம் என்று கேட்டால் சாய்வைத் தருகிறது. எங்கிருந்து தொடங்கினர், யாருடன் ஒப்பிட்டோம், யார் கோட்டிலிருந்து விலகி நிற்கின்றனர் என்பன ஆய்வாளர் கேட்கவேண்டிய வினாக்கள். ஆய்வேட்டின் முதல் இயலில் எழுத்தறிவு அட்டவணை இடம்பெறுமாயின், அதனைக் குழுவாரியாகப் பிரித்து, குறைந்தது மூன்று கணக்கெடுப்புகளுக்கு நீட்டி, அதன் எச்சங்களைப் பின்வரும் இயல்களின் ஆய்வுச் சிக்கலாகக் கொள்ளுதல் வேண்டும். இயலாதெனில், அவ்வட்டவணையை நீக்கிவிடுதலே நேர்மை.