அடித்த கையே அணைக்கும்போது

நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகர மிருகக்காட்சி சாலை, 1975. குளிர்காலக் கூடத்தில் சிம்பன்சிகளுக்குள் ரகளை. தலைமை ஆண் ஒரு பெண்ணைத் தாக்க, மற்றவை அவளுக்குப் பரிந்துகொண்டு கூச்சலுடன் ஓடிவந்தன. ஒருவழியாக எல்லாம் அடங்கியது. சற்று நேரத்தில் கூட்டம் மீண்டும் ஆர்ப்பரித்தது. நடுவே இரண்டு சிம்பன்சிகள் கட்டித் தழுவி முத்தமிட்டுக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருந்த இளம் ஆய்வாளர் ஃப்ரான்ஸ் டி வாலுக்குப் பிறகுதான் பொறி தட்டியது: அடித்தவனும் அடிபட்டவளும்தான் அந்த ஜோடி!

சண்டை போட்ட மிருகங்கள் ஒன்றையொன்று தவிர்க்கும் என்பதுதான் அதுவரை பொதுவான நம்பிக்கை. டி வாலும் ஆஞ்சலின் வான் ரோஸ்மாலனும் நூற்றுக்கணக்கான சண்டைகளைக் குறித்துவைத்து, 1979இல் அதை மறுத்தனர். மோதியவை விரைவிலேயே நெருங்கி வருகின்றன, கையை நீட்டுகின்றன, முத்தமிடுகின்றன. சண்டையில் சம்பந்தப்படாத மூன்றாவது சிம்பன்சி அடிபட்டதன் தோளை அணைத்துத் தேற்றுவதும் உண்டு. பின்னர் ஆடுகள், கழுதைப்புலிகள், டால்பின்களிடமும் சமரசம் காணப்பட்டது. மிரண்டுபோன யானையின் வாயருகே தும்பிக்கையை வைத்து இன்னொரு யானை ஆறுதல் தருவதை, தாய்லாந்தில் நடந்த ஆய்வு 2014இல் பதிவு செய்தது.

இதெல்லாம் வெறும் பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். எந்த உறவு பயனுள்ளதோ அதையே விலங்குகள் முதலில் செப்பனிடுகின்றன. நாளை இரை தேடவும் எதிரியை விரட்டவும் அந்தத் துணை வேண்டும்.

ஆனால் இது பிறவிக் குணம் மட்டும்தானா? வட இந்திய நகரங்களில் மாடிக்கு மாடி தாவும் ரீஸஸ் குரங்குகள் முன்கோபிகள்; சமாதானத்தில் கஞ்சர்கள். அவற்றின் குட்டிகளை, எளிதில் ராசியாகும் குட்டைவால் குரங்குகளோடு ஐந்து மாதம் வளர்த்தார்கள். 1993இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. ரீஸஸ் குட்டிகள் சமாதானமாவது ஏறக்குறைய மூன்று மடங்கானது. குட்டைவால் தோழர்களைப் பிரித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

2024இல் டி வால் மறைந்த செய்தியைப் படித்தபோது எனக்கு இந்தக் குட்டிகளின் நினைவுதான் வந்தது. கூடவே என் தந்தையும் பெரியப்பாவும். ஒரு வரப்புத் தகராறில் முகம் திருப்பிக்கொண்டவர்கள் பதினான்கு ஆண்டுகள் பேசவில்லை. பெரியப்பாவின் சாவு வீட்டில்தான் அப்பா வாய்விட்டு அழுதார். சண்டையின் ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்கு மனப்பாடம். சமாதானம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் நாங்கள் பார்த்ததே இல்லை.

நம் வீடுகளில் சண்டை கூடத்தில் நடக்கிறது. ராசியாவதோ, அப்படி ஒன்று நடந்தால், கதவைச் சாத்திக்கொண்டு. குழந்தைகள் எதைக் கற்றுக்கொள்ளும்? அடுத்த முறை கோபம் தணிந்ததும் அவர்கள் எதிரிலேயே கையை நீட்டுங்கள். சிம்பன்சி அதைத்தான் செய்கிறது, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.