கடன் அட்டையை நீட்டுவதற்கு முன்

சிங்கப்பூரின் தேக்காவில் வசிக்கும் குடும்பத்துக்கு இரண்டு மருத்துவமனைகள் நடந்துபோகிற தூரத்தில் இருக்கின்றன. புக்கிட் தீமா சாலையில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, அது அரசாங்கத்துடையது. சிராங்கூன் சாலையில் மேலே போனால், ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு தனியார் மருத்துவமனை. அம்மாவுக்குக் கருப்பைப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் பிள்ளைகள் எந்த வாசலில், எந்த வகை நோயாளியாக அவரைப் பதிகிறார்கள் என்பதே அந்த வீட்டின் பல ஆண்டுக் கடனைத் தீர்மானிக்கிறது.

நம் வீடுகளில் அந்த முடிவு கணக்குப் பார்த்து எடுக்கப்படுவது குறைவு. "பெத்த தாய்க்குச் செலவு பண்ணக் கணக்கா பார்க்கிறது?" என்று பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். மானியம் பெறும் சி வகுப்பு வார்டில் சேர்த்தால் உறவுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பாசம் உயர்ந்தது. அது தவறான இடத்தில் செலவாகிறது என்பதே என் கவலை.

வார்டு வகுப்பு என்பது முக்கியமாகக் குளிர்சாதனம், தனியறை, மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆகியவற்றைப் பற்றியது. மானிய நோயாளி மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது; சில சமயம் கூடுதல் நாள் காத்திருக்கவும் வேண்டும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புற்றுநோய் ஒரு வாரம் படுத்தெழுந்து போகிற நோயன்று. மானியமில்லாத ஏ வகுப்பில் இருந்து வீடு திரும்புகிறவர் அடுத்து வரும் கீமோ, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் தனியார் நோயாளியாகவே கட்டணம் கட்டுவார். படுக்கைக்காக எடுத்த முடிவு மாதக்கணக்கில் பில்லாக வந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பில்லை ஒரு முறை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். முதலில் மொத்தக் கட்டணம். அதன் கீழே அரசாங்க மானியம்: குடும்ப வருமானத்தைப் பொறுத்து, குடிமக்களுக்கு சி வகுப்பில் 80 விழுக்காடு வரை, பி2 வகுப்பில் 65 விழுக்காடு வரை. பிறகு 2015 முதல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் உள்ள மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி. அதற்கும் கீழே மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்பு. மிஞ்சுவதுதான் ரொக்கம். அதையும் கட்ட இயலாத குடிமக்களுக்கு 1993இல் தொடங்கிய மெடிஃபண்ட் இருக்கிறது. அந்தக் கடைசி வலை மானிய நோயாளிகளுக்கு மட்டுமே விரிக்கப்பட்டிருக்கிறது. தனியார் நோயாளியாகத் தொடங்கிப் பாதியில் கை வறண்டவர், குடும்ப நிதிநிலை ஆராயப்பட்ட பிறகே மானியத்துக்கு மாற முடியும். அதற்குள் சிராங்கூன் சாலை அடகுக்கடைக்கு அம்மாவின் வளையல்கள் போயிருக்கும்.

மருந்திலும் கவனம் வேண்டும். 2022 செப்டம்பர் முதல், அரசாங்கம் அங்கீகரித்த புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கே மெடிஷீல்டு லைஃப் பணம் தருகிறது. ஒவ்வொரு மருந்துக்கும் மாத வரம்பு உண்டு. "இந்த மருந்து பட்டியலில் இருக்கிறதா?" என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பெற்றோருக்காகப் பிள்ளைகள் தங்கள் மெடிசேவையும் பயன்படுத்தலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில், திருமணமாகாத மகள் ஒருத்தியின் கணக்கே கரைவதைப் பல குடும்பங்களில் காண்கிறோம். அவளுக்கும் முதுமை வரும். அண்ணன், தம்பிகள் முதல் வாரமே உட்கார்ந்து பங்கு பேச வேண்டும்.

அரசாங்கத்தின் பங்கும் இருக்கிறது. பெற்றோரைப் பராமரிக்கப் பிள்ளைகளுக்குக் கடமை உண்டு என்று 1995இலேயே சட்டம் இயற்றிய நாடு இது. ஆனால் அம்மாவைக் கீமோவுக்கு அழைத்துப்போகும் தனியார் துறை ஊழியருக்குச் சட்டப்படியான விடுப்பு இல்லை. வீட்டுப் பராமரிப்பு மானியமோ, அன்றாடச் செயல்களில் குறைந்தது மூன்றுக்கு நிரந்தரமாகப் பிறர் உதவி தேவைப்படுவோருக்கானது. கீமோ காலத்தில் சில மாதங்கள் மட்டும் துவண்டு கிடப்பவர் அதற்குள் வரமாட்டார். இப்படி உடனிருந்து பார்ப்பதில் இழந்த சம்பளம் எந்தப் பில்லிலும் ஏறுவதில்லை. வீட்டை அழுத்துவது பாதி அதுதான். கடமையைச் சட்டமாக்கியவர்கள், அதைச் செய்வதற்கான நேரத்தையும் சட்டமாக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. சந்தேகம் எழுந்தவுடன் பலதுறை மருந்தகத்துக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மானிய நோயாளியாகப் பதியுங்கள். நோய் உறுதியான அன்றே மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் புரியாவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பணம் தீர்ந்த பிறகு அந்தப் பணியாளரின் அறைக்குப் போவதைவிட, பணம் இருக்கும்போதே போவது அம்மாவின் சிகிச்சையை நீண்ட நாள் காப்பாற்றும்.