ஓடுற வண்டியில கை வைக்காதே!

பழைய கார் வாங்கின வீட்டுக்கு மொய் எழுத வருகிற மாதிரி ஆள் வருவார்கள். ஆளுக்கு ஒரு அட்வைஸ். அதில் எல்லாரும் தவறாமல் எழுதும் மொய் ஒன்று உண்டு: "ஓடுற வண்டியில கை வைக்காதே."

இந்த ஒரு வரியைத் திட்டத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். மெக்கானிக்கல் படிக்கிறவன் என்பதால் நடுநடுவே லெக்சர் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

எங்கள் வீட்டுக்கு போன வருஷம் கார் வந்தது. 2013 மாடல் சான்ட்ரோ. மீட்டரில் 1,24,000 கிலோமீட்டர். விலை 1,60,000 ரூபாய். அப்பாவின் இருபது வருஷ ஆசை. கையில் இருந்ததை எல்லாம் வழித்துத் துடைத்துக் கொடுத்துதான் வாங்கினோம்.

இனிமேல் காசே இல்லை என்று சொன்ன அதே வீட்டில், முதல் வாரமே சீட் கவர் 6,500. டச் ஸ்க்ரீன் ஆடியோ 7,000. பின் கண்ணாடியில் குலதெய்வம் ஸ்டிக்கர் 400. "ஒரு தடவை மெக்கானிக்கிட்ட முழுசா காட்டிடலாம்ப்பா" என்று நான் மெதுவாகச் சொன்னேன். சித்தப்பா முந்திக்கொண்டார். "நல்லா ஓடுற வண்டிடா. இவனுங்க கைய வச்சா ஒண்ணு போய் ஒம்போது கெளம்பும்." அப்பா தலையாட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் ஏற்காடு போனோம். சேலத்துக்காரன் கார் வாங்கினால் வேறு எங்கே போவான்? அப்பா ஓட்ட, பக்கத்தில் சித்தப்பா, பின்னால் அம்மா, அப்பாயி, நான். ஏறும்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது சித்தப்பா, "நியூட்ரல்ல விடுண்ணே, பெட்ரோல் மிச்சம்" என்றார். அப்பா விட்டார். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

பாதி மலை இறங்கியிருப்போம். அப்பா ஒன்றுமே பேசாமல் காலை வேகவேகமாக அமுக்குவது கண்ணாடியில் தெரிந்தது. அப்புறம்தான் சொன்னார், "பிரேக் புடிக்கலடா."

பெடல் அடிவரைக்கும் போகிறது, வண்டி நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எப்படியோ செகண்ட் கியரில் போட்டு, மலைப்பக்கம் ஒடித்து மண்மேட்டில் உரசி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. அடுத்த பக்கம் பள்ளம். அப்பாயி கண்ணை மூடியபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இருந்தார். அம்மா அன்றைக்கு ராத்திரி வரை சரியாகப் பேசவே இல்லை.

இப்போது உச்சக்கட்டம். அரைமணி நேரம் கழித்து சித்தப்பா போய் பெடலை மிதித்துப் பார்த்தார். பிரேக் பிடிக்கிறது! "பாத்தியா, சரியாயிடுச்சு. வண்டில ஒண்ணும் இல்ல. ஓட்டிட்டுப் போயிடலாம்" என்றார்.

ஓடுற வண்டி அல்லவா!

அம்மாவையும் அப்பாயியையும் பஸ் ஏற்றிவிட்டு, வண்டியை ஆள் வைத்துக் கட்டி இழுத்துதான் கீழே கொண்டுவந்தோம். அதற்கு நான் போட்ட சண்டைதான் என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான இன்ஜினியரிங் வேலை.

மெக்கானிக் அண்ணா டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். பிரேக் ஆயில் டிக்காஷன் நிறத்தில் இருந்தது. புதுசாக இருந்தால் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி வெளிர் மஞ்சளாக இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் உறிஞ்சும். டாட் 4 என்ற வகையை எடுத்துக்கொண்டால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. கொஞ்சம் ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் விடாமல் மிதித்தால் அந்தச் சூடு சாதாரணமாக வரும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்கினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும், ஆவியை அமுக்கினால் ஆவிதான் சுருங்கும். பெடல் கீழே போய்விடும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆறினதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பிரேக்கும் "சரியாகிவிடும்". அடுத்த மலை வரைக்கும்!

இது எனக்குத் தெரியாதா? ஆட்டோமொபைல் பேப்பரில் 13 மார்க் கேள்விக்கு இதைத்தான் படம் போட்டு எழுதினேன். நம் கிளாஸில் முக்கால்வாசிப் பேர் எழுதினோம். சொந்தக் காரின் மூடியைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆகவே திட்டு சித்தப்பாவுக்கு மட்டும் இல்லை.

(அந்த நியூட்ரல் சமாச்சாரமும் தப்பு. இன்ஜெக்டர் வைத்த வண்டியில் கியரோடு, காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுத்துவிட்டு இறங்கினால் பெரும்பாலும் பெட்ரோலே போகாது. நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலுக்கு எரியும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிடிப்பும் இல்லை.)

"ஓடுற வண்டி" என்றால் என்ன அர்த்தம்? இதுவரைக்கும் நிற்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். காரில் உயிரை எடுக்கிற சாமான்களும், பர்ஸை எடுக்கிற சாமான்களும் பெரும்பாலும் சத்தம் போடாதவை.

டைமிங் பெல்ட்டைப் பாருங்கள். எங்கள் சான்ட்ரோவில் பெல்ட்தான், செயின் இல்லை. அது நைந்தால் கிறீச் என்று கத்தாது. ஒருநாள் அறும். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் முட்டும். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது ஹெட்டைக் கழற்றுவதில் போய் நிற்கும். பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையா? மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். புரோக்கர் வாய்வார்த்தை பில் ஆகாது.

ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணி. நம்மூர் உப்புத் தண்ணியில் பக்கெட்டே வெள்ளை பூத்துவிடுகிறது, ரேடியேட்டர் பூக்காதா? அலுமினிய ஹெட் அரிக்காதா? அதைவிடக் கொடுமை, சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவது. இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராமல், பெட்ரோலை அதிகமாகக் குடித்துக்கொண்டு, சீக்கிரமே தேயும். எங்கள் வண்டியிலும் தெர்மோஸ்டாட் இல்லை. முந்தின ஓனருக்கும் ஒரு சித்தப்பா இருந்திருப்பார் போல.

டயர். பட்டன் நன்றாக இருக்கிறது என்றார்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எங்கள் டயரில் 2315. அதாவது 2015-ம் வருஷம் 23-வது வாரம். பத்து வயசு ரப்பரில் அப்பாயியை மலை ஏற்றியிருக்கிறோம்!

கடைசியில் செய்த செலவு: பிரேக் ஆயில் மாற்றி ஏர் எடுக்க 700, முன் பேட், பின் ஷூ 2,600, டைமிங் பெல்ட் டென்ஷனரோடு 4,800, கூலன்ட், தெர்மோஸ்டாட், ஹோஸ் 3,200, இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஃபில்டர், ப்ளக் 4,500, நாலு டயர் 14,400. மொத்தம் 30,200. இதில் எங்களைக் கொல்லப் பார்த்தது அந்த 700 ரூபாய் அயிட்டம். சீட் கவர் 6,500, ஞாபகம் இருக்கட்டும்.

"காசு இருந்தா புது காரே வாங்கியிருப்போமே தம்பி" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன்: 1,60,000 கையில் இருந்தால் 1,60,000-க்குக் கார் தேடாதீர்கள். 1,30,000-க்குத் தேடுங்கள். மீதி 30,000 காரின் விலையில் சேர்ந்ததுதான், புரோக்கரிடம் கொடுக்காமல் மெக்கானிக்கிடம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அது இல்லாமல் வாங்கினால் முக்கால் கார்தான் வாங்கியிருக்கிறீர்கள். பிரேக் இல்லாத முக்கால்!

சித்தப்பா பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கத்துக்குட்டி கையில் கொடுத்து நன்றாக இருக்கும் இன்ஜினைப் பிரித்தால் ஒன்று போய் ஒன்பது கிளம்பும்தான். ஆனால் நான் இன்ஜினைப் பிரிக்கச் சொல்லவில்லை. ஆயில், தண்ணி, ரப்பர், பிரேக். இந்த நாலும் தேய்வதற்கென்றே செய்தவை, மாற்றுவதற்கென்றே செய்தவை. அனுபவத்தில் வந்த பயத்தைச் சோம்பலுக்குச் சாக்காக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ரொம்ப ஓடின வண்டி என்று மீட்டரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும் ஒன்று. அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்று ஒரு வாத்தியார் இருந்தார். 1966-ல் வாங்கிய வோல்வோ காரை 2013-ல் 30 லட்சம் மைல் தாண்டி ஓட்டினார். கிலோமீட்டரில் 48 லட்சம். பூமியில் இருந்து நிலா 3,84,400 கிலோமீட்டர்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் பெரிதாக மந்திரம் எதுவும் போடவில்லை. மேனுவலில் போட்டபடி, நேரத்துக்கு நேரம், ஓடுகிற வண்டியில் கை வைத்துக்கொண்டே இருந்தார்.

நிற்கிற வண்டியில் யார் வேண்டுமானாலும் கை வைப்பார்கள். வேறு வழியில்லை. ஓடும்போது வைக்கிற கைக்குத்தான் பராமரிப்பு என்று பெயர்.

பி.கு: போன மாதம் மறுபடி ஏற்காடு போய் வந்தோம். இறங்கும்போது செகண்ட் கியர். அப்பாயி முதலில் வரமாட்டேன் என்றார். அப்பா மூடியைத் திறந்து புது பிரேக் ஆயிலைக் காட்டினார். என்ன புரிந்ததோ தெரியவில்லை, "வெளக்கெண்ணெய் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். சித்தப்பா மட்டும் பஸ்ஸில் வந்தார் :-)