கரண்டிக்கு எவ்வளவு?

முருங்கையிலைப் பொடி டப்பா ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாலைவிட 17 மடங்கு கால்சியம், பசலைக்கீரையைவிட 25 மடங்கு இரும்பு, வாழைப்பழத்தைவிட 15 மடங்கு பொட்டாசியம் என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். டப்பாவில் இல்லாவிட்டால் விற்பவர் வாயில் இருக்கும். அங்கும் இல்லையென்றால் காலை வணக்கத்தோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும்.

இந்த எண்களை யாரும் கற்பனையில் பிடிக்கவில்லை. உலர்ந்த முருங்கையிலைப் பொடி 100 கிராமில் 2,003 மில்லிகிராம் கால்சியம் என்பது பல காலமாகப் புழங்கும் கணக்கு. பாலில் 100 கிராமுக்கு 120 மில்லிகிராம். வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 17 வரத்தான் செய்கிறது. வகுத்தலில் பிழை இல்லை. எதை எதனால் வகுத்தார்கள் என்பதில்தான் வில்லங்கம்.

பொடியை 100 கிராம் யார் தின்கிறார்கள்? ஒரு தேக்கரண்டி என்பது மூன்று கிராம் இருந்தால் அதிகம். அதில் 60 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். 200 மில்லி பாலில் 240. டம்ளர் பாலுக்கு ஈடுகட்ட நான்கு தேக்கரண்டிப் பொடியை விழுங்க வேண்டும். அந்தக் கசப்பைத் தெரிந்தவர்கள் இரண்டாவது கரண்டியிலேயே எழுந்து போய்விடுவார்கள். 17 மடங்கு என்று கடையில் வாங்கியது வீட்டுக்கு வந்து கரண்டியில் ஏறியதும் கால் பங்காகிவிடுகிறது.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. இலையை உலர்த்தினால் ஈரம் போய் எடை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். சத்து அதேதான், எடை மட்டும் குறைந்திருக்கிறது. ஆகவே 100 கிராமுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் எண் நாலு மடங்காக எகிறும். பாலிலோ 87 சதவீதம் தண்ணீர். ஒரு பக்கத்தைக் காயவைத்து, மறுபக்கத்தைத் தண்ணீரோடே தராசில் ஏற்றினால் எந்தத் தட்டு தாழும்? நியாயமாகப் பொடிக்குப் பொடி வைத்துப் பார்ப்போம். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 100 கிராமுக்குச் சுமார் 1,250 மில்லிகிராம் கால்சியம். அதை வைத்து வகுத்தால் 17 மடங்கு ஒன்றரை மடங்கு சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த இரும்புக் கணக்கும் இப்படித்தான். பொடியில் 28 மில்லிகிராம். பசலைக்கீரைக்குப் பழைய அட்டவணை ஒன்று சொல்லும் 1.14-ஐக் கீழே போட்டால் 25 மடங்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் அதே கீரைக்குச் சுமார் மூன்று மில்லிகிராம். அதைப் போட்டால் பத்து மடங்குகூடத் தேறாது. பச்சைக் கீரையோடு காய்ந்த பொடியை ஒப்பிட்ட கோளாறு அதற்குமேல் தனி.

எத்தனை கிராமுக்கு, எந்த நிலையில், ஒரு வேளைக்கு எவ்வளவு என்ற மூன்றையும் சொல்லாமல் 'இத்தனை மடங்கு' என்று உணவுப் பொருளின் மேல் அச்சிடுவதைச் சட்டம் அனுமதிக்கக் கூடாது. இதுவே நம் கோரிக்கை. இதில் புதுமை எதுவும் இல்லை. ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே உணவின் வெவ்வேறு வகைகளாகவோ ஒத்த உணவுகளாகவோ இருக்க வேண்டும், வேறுபாடு எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும் என்று கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் 1997-ஆம் ஆண்டு வழிகாட்டியே சொல்கிறது. உணவு விளம்பரங்களுக்கென்று நம் நாட்டிலும் 2018-ல் விதிகள் வந்துவிட்டன. இருந்தும் முருங்கைப் பொடி டப்பாவும் பால் டம்ளரும் ஒத்த உணவுகளாக நடமாடிக்கொண்டிருக்கின்றன.

பத்திரிகைக்காரர்களும் இதில் கைசுத்தமானவர்கள் இல்லை. 'பாலைவிட மூன்று மடங்கு கால்சியம் கொண்ட கேழ்வரகு' என்ற வரியை எழுதாத தமிழ் இதழ் இருக்குமா? 2017 அட்டவணைப்படி கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம், பசும்பாலில் 118. மூன்று மடங்குதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு டம்ளர் கூழுக்குப் போகும் மாவு 30 கிராம். அதில் கால்சியம் 110-ஐத் தொடாது. அதே டம்ளரில் பாலை ஊற்றினால் 240. அட்டவணையில் தோற்ற பால் டம்ளரில் இரண்டு மடங்குக்கு மேல் ஜெயிக்கிறது. எடையை விட்டு 100 கலோரிக்கு என்று பார்த்தாலும் கேழ்வரகு 114, பால் 160 என்று வருகிறது. போதாக்குறைக்கு, தானியத்திலுள்ள பைட்டேட் அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கூழை இரவு முழுக்கப் புளிக்கவைத்த நம் பாட்டிமார் அந்தப் பிடியைத் தளர்த்தினார்கள் என்பது வேறு கதை.

அப்படியானால் கேழ்வரகின் பெருமை பொய்யா? இல்லை. பால் என்ற தவறான ஆளோடு மோதவிட்டோம், அவ்வளவுதான். கேழ்வரகு தட்டில் பாலின் இடத்துக்கு வருவதில்லை, சோற்றின் இடத்துக்கு வருகிறது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 மே மாதம் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அதைத்தான் செய்தது: ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு. புழுங்கல் அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 8 மில்லிகிராம் கால்சியம். ஆக 2 கிலோ அரிசியில் 160, 2 கிலோ கேழ்வரகில் 7,280. இது 45 மடங்கு. ஒரே எடை, இரண்டும் உலர்ந்த தானியம், ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்று. இந்த மடங்கைத் தாராளமாகத் தட்டி வைத்து விளம்பரம் செய்யலாம்.

அதோடு இன்னொரு வகுத்தலையும் சேர்த்துச் செய்ய வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டில் அந்த 2 கிலோ 30 நாளுக்கு வந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம். வளர்ந்த ஒருவருக்கு நாள் தேவை 1,000 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை வகுத்திருக்கிறது. 45 மடங்கு என்பதும் உண்மை, 6 சதவீதம் என்பதும் உண்மை. முதல் எண்ணை மட்டும் சொல்கிறவர் விற்பனையாளர். இரண்டாவதையும் சொன்னால்தான் 2 கிலோ போதுமா, ஐந்து கிலோவாக்கலாமா, கூடவே பாலோ கீரையோ சத்துணவில் சேர்க்க வேண்டுமா என்ற கொள்கைப் பேச்சே தொடங்கும்.

மடங்குக் கணக்கு பொழுதுபோக்காக இருந்தால் விட்டுவிடலாம். கர்ப்பிணி வீட்டுக்குள் நுழையும்போதுதான் அது ஆபத்தாகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 'மாத்திரை எதுக்கு, வயித்தப் பொரட்டுது, முருங்கக்கீரையப் பொரிச்சுக் குடுத்தாப் போதும்' என்று சொல்லும் மாமியார்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. 25 மடங்கு என்ற செய்தி அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது. பச்சை முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு நாலரை மில்லிகிராம் இரும்பு. ஒரு மாத்திரைக்குச் சமமாக 1.3 கிலோ இலை வேண்டும். காம்பு நீக்கி அத்தனையையும் உருவி முடிப்பதற்குள் உச்சிவேளை ஆகிவிடும். அதுவும் தாவர இரும்பில் உடல் எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். கீரை தினமும் இருக்கட்டும், எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது. மாத்திரையைக் குப்பையில் போடக் கூடாது. கிராம சுகாதாரச் செவிலியர் இதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. 1.3 கிலோ கீரையை ஒருமுறை தாம்பாளத்தில் குவித்துப் பக்கத்தில் ஒரு மாத்திரையை வைத்துக் காட்டினால் ஏறும்.

இனி பொட்டலத்தின் பின்புறம். அங்கே மறைப்பது மடங்கு இல்லை, அலகு. நூடுல்ஸ் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 1,200 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பாக்கெட் 70 கிராம்; ஆகவே 840. அந்த 840 நம் சமையலறையில் எது? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எந்த வீட்டிலும் சோடியம் டப்பா கிடையாது. உப்பு ஜாடிதான் இருக்கிறது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு: 2.1 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஒரு குழந்தையின் மாலைச் சிற்றுண்டியில் பெரியவரின் நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சிக்கலை எளிதாக முடித்தது: 2016 டிசம்பரிலிருந்து அங்கே ஊட்டச்சத்துப் பட்டியலில் உப்பு என்றே, கிராமிலேயே எழுத வேண்டும். பெருக்கலை வாங்குபவர் தலையில் கட்டாமல் தயாரிப்பாளரே செய்து தருகிறார்.

'பரிமாறும் அளவு' என்பது இதைவிடச் சாமர்த்தியமானது. 100 கிராமுக்கான எண்களை நம் விதிகள் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒரு பரிமாறலில் நாள் தேவையின் எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். ஆனால் அந்தப் பரிமாறல் எத்தனை பிஸ்கெட் என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கிறார். இரண்டு பிஸ்கெட்டோடு நிறுத்தும் பிள்ளையை எந்த வீட்டில் பார்த்தீர்கள்? நிறுவனங்கள் சொல்லும் பதிலிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஊறுகாயை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. 100 கிராம் கணக்கில் மட்டும் மதிப்பிட்டால் இலை ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் மாவடுவும் கோப்பை நிறையக் குடிக்கும் சூப்பும் ஒரே கூண்டில் ஏறும். ஒத்துக்கொள்வோம். பரிமாறும் அளவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு வகை உணவுக்கும் அதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிர்ணயிக்கட்டும், ஆளாளுக்கு ஓர் அளவு வேண்டாம். பின்புறத்தைத் திருப்பாமலே தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. சிலி நாடு 2016-லேயே முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை ஒட்டத் தொடங்கிவிட்டது. இங்கே நட்சத்திரக் குறியீட்டு வரைவு 2022-ல் வந்தது, 2024-ல் அளவுகளைத் தடித்த எழுத்தில் அச்சிடும் யோசனை வந்தது.

மருந்துக் கடைப் பக்கமும் ஒரு பார்வை. 60,000 யூனிட் வைட்டமின் டி என்று எழுதிக் கொடுத்தால் வீட்டார் மிரள்கிறார்கள். 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம். ஆக அந்த 60,000 என்பது ஒன்றரை மில்லிகிராம். எண் பெரிதென்று பயப்படவும் வேண்டாம், எடை சிறிதென்று தினமும் விழுங்கவும் வேண்டாம். மருத்துவர் வாரத்துக்கு ஒன்று என்றால் ஒன்றுதான்.

இந்த எல்லாக் கணக்கும் ஆறாம் வகுப்பு முதல் பருவத்து 'விகிதம் மற்றும் விகிதசமம்' பாடத்துக்குள் அடங்கிவிடும். அந்தப் பாடம் நடக்கும் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு காலி உறையைக் கொண்டுவரட்டும். சிக்கல் என்னவென்றால் அந்த உறை தமிழில் இருக்காது. ஆங்கிலம் அல்லது இந்தி போதும், மற்ற மொழி விருப்பம் என்பதுதான் லேபிள் விதி. தமிழ்நாட்டில் விற்கும் பொட்டலத்தின் சத்துப் பட்டியல் தமிழிலும் கட்டாயம் என்று மாநில அரசு தில்லியிடம் வாதாட வேண்டும்.

குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்திலிருந்துதான் 1937-ல் ஊட்டச்சத்து அறிஞர் ஏக்ராய்டின் இந்திய உணவுச் சத்து அட்டவணை வெளிவந்தது. அந்த நீலகிரி மலையின் ரேஷன் கடைகளிலிருந்தே தொடங்கலாம். அதற்குத் தில்லியின் அனுமதி வேண்டியதில்லை. கேழ்வரகு மூட்டைக்கு மேலே ஒரு தட்டி போதும்: 30 கிராம் மாவு, ஒரு டம்ளர் கூழ், கால்சியம் 109 மில்லிகிராம், பெரியவர் ஒருவருக்கு நாள் தேவையில் ஒன்பதில் ஒரு பங்கு.